மும்பை நீர்நிலைகளில் கொக்கும் உள்ளானும்

நீரை அண்டி வாழும் பறவைகளில் இரண்டு பெரிய கூட்டங்களை மும்பை நகருக்குள்ளேயே பார்க்கலாம். முதலாவது கொக்கு, நாரை, வக்கா ஆகியவை சேர்ந்த கொக்கினம். இரண்டாவது உள்ளான், உப்புக்கொத்தி, ஆட்காட்டி, கோட்டான் போன்ற கரைப்பறவைகள். கொக்கினத்தில் பெரும்பாலானவை ஆண்டு முழுதும் நகரிலேயே தங்குகின்றன. கரைப்பறவைகளில் பெரும்பாலானவை மழைக்காலம் முடியும் தறுவாயில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து, கோடையில் திரும்பிவிடுகின்றன. இவற்றுடன் குஜராத் பக்கமிருந்து பூநாரைக் கூட்டங்களும் வருகின்றன. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்தில் இத்தனையையும் பார்த்துவிட முடியும்.

இந்தப் பறவைகளைத் தேடுபவர் முதலில் கவனிக்க வேண்டியது நீரின் ஆழம். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை அதன் கால் நீளமும் அலகின் நீளமுமே முடிவு செய்கின்றன. ஈரச் சேற்றில் கொசு உள்ளான், கணுக்கால் அளவு நீரில் பவளக்காலி, அதைவிடச் சற்று ஆழத்தில் நெடுங்கால் உள்ளான், அதற்கும் அப்பால் பெரிய வெள்ளைக்கொக்கு, எல்லாவற்றையும் தாண்டிப் பூநாரை என்று வரிசையாக இடம் பிரிந்துவிடுகிறது. நீர் ஒரு சாண் ஏறினாலோ இறங்கினாலோ இந்த வரிசை முழுதும் நகர்ந்துவிடும்.

எங்கெங்கே பார்க்கலாம்

தாராவியை ஒட்டி ஓடுகிறது மித்தி ஆறு. விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் தொடங்கி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நகருக்குள் ஓடி, மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் ஒரு கரையில் பாந்திரா–குர்லா வணிக வளாகம், மறுகரையில் சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. சுமார் 37 ஏக்கர் பரப்புள்ள இந்தப் பூங்கா ஒரு காலத்தில் நகரின் குப்பைமேடு. குப்பை கொட்டுவது நின்ற பிறகு மண் பரப்பி மரம் நட்டு வளர்த்தார்கள். 1983-ல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி இங்கே மரம் நட்டுவைத்தார். 1994-ல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உள்ளே மழைநீர் சேரும் குளம், ஆற்றோரத்தில் அலையாத்தி மரங்கள், சுற்றிலும் நிழல்மரங்கள் என மூன்று வகை இடமும் ஒரே வளாகத்தில் இருப்பதால் புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட வசதியான இடம் அருகில் இல்லை.

மாட்டுங்காவிலிருந்து கிழக்கே சென்றால் வடாலா. அங்கே உப்பளங்களும் அலையாத்திக் காடும் உள்ளன. செம்பூரிலிருந்து வடாலா நோக்கிச் செல்லும் மோனோரயில் தடமும், தெற்கே செல்லும் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயும் இந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டியே போகின்றன. உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி நீர்மட்டம் வேறுபடும். ஒன்றில் முழங்கால் அளவு நீர், அடுத்ததில் விரல்கடை நீர், அதற்கடுத்ததில் வெறும் ஈரச்சேறு. அதனால் பல இனங்கள் அடுத்தடுத்த பாத்திகளில் ஒரே நேரத்தில் இரை தேடும்.

செம்பூருக்குத் தெற்கே மாகுல், தென்மேற்கே சிவ்ரி. இவற்றுக்கு இடைப்பட்ட கடற்கழியில் நீர் வற்றும்போது பரந்த சேற்றுவெளி வெளிப்படும். ஹார்பர் ரயில் தடத்தில் செம்பூரிலோ வடாலா ரோட்டிலோ ஏறினால் சிவ்ரியில் இறங்கலாம். கழியின் வடபகுதி தானே வரை நீள்கிறது. அங்கே 2015-ல் சுமார் 1,690 ஹெக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் தானே கழி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பாண்டுப் நீரேற்று நிலையத்தின் சுற்றுப்புறமும், படகுப் பயண வசதியுள்ள ஐரோலியும் இங்கே பறவை நோக்குவோர் அதிகம் செல்லும் இடங்கள்.

குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள சயான் தலாவ், செம்பூரின் சராய் தலாவ் போன்ற குளங்களில் பறவைகள் குறைவு. குளத்தைச் சுற்றிச் செங்குத்தாகக் கருங்கல் சுவர் எழுப்பிவிட்டால் கரையிலேயே நீர் ஆழமாகிவிடும். கொக்கு நின்று மீன் பிடிக்கச் சரிவான, ஆழமற்ற விளிம்பு வேண்டும். அது இல்லாத குளத்தில் நீர்க்காகமும் மீன்கொத்தியும் மட்டுமே பிழைக்க முடியும். ஒரு படித்துறையோ, சேறு படிந்த மூலையோ, மிதக்கும் இலைத்திட்டோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு மடையான் நிற்பதைக் காணலாம்.

கொக்கினத்தை அடையாளம் காண்பது

பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளோடு ஒடுக்கிக்கொள்வது கொக்கினத்தின் முதல் அடையாளம். பெயரில் நாரை இருந்தாலும் இந்த இனத்தில் சேராத மஞ்சள்மூக்கு நாரையும், அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். தொலைவில் நிழலுருவாகப் பறக்கும் பறவையைக்கூட இந்த ஒரு குறிப்பால் பிரித்துவிடலாம். கொக்கின் கழுத்தெலும்புகளில் ஒன்று மற்றவற்றைவிட நீளமானது. கழுத்து இரட்டை வளைவாக மடிவதும், மடிந்த நிலையிலிருந்து வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பாய்வதும் அதனால்தான்.

எங்கும் காணக்கூடியது குளத்துக் கொக்கு எனும் மடையான். உட்கார்ந்திருக்கும்போது முதுகு மண்ணிறம், கழுத்திலும் மார்பிலும் பழுப்புக் கீற்றுகள். உருவம் சேற்றோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். அருகே போனதும் எழுந்தால் வெள்ளைச் சிறகுகள் சட்டென விரியும். அது இரை பிடிக்கும் விதத்தை நிதானமாகக் கவனிப்பது நல்ல பயிற்சி. நீரோரத்தில் குனிந்து, கழுத்தை உள்ளிழுத்து, அலகு நீருக்குச் சற்று மேலே சாய்ந்திருக்க அசையாமல் நிற்கும். பிறகு ஒரு காலை மெல்லத் தூக்கி, விரல்களைக் குவித்து, நீர் கலங்காதபடி முன்னே வைக்கும். கழுத்து மட்டும் அங்குலம் அங்குலமாக நீளும். கண்கள் அலகுக்குக் கீழே நேராகப் பார்க்கும். அடுத்த கணம் தலை நீருக்குள் போய் வெளியே வந்திருக்கும். அலகில் குறுக்காக மாட்டிய மீனை ஒருமுறை உதறித் திருப்பி, தலைப்பக்கத்திலிருந்து விழுங்கும். வால்பக்கமாக விழுங்கினால் செதிலும் துடுப்பு முள்ளும் தொண்டையில் சிக்கும்.

வெள்ளைக் கொக்குகளைப் பிரிக்க அலகையும் காலையும் பார்க்க வேண்டும். கருப்பு அலகு, கருப்புக் கால், மஞ்சள் பாதம் இருந்தால் அது சின்னக் கொக்கு. அந்த மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறி, வெளிப்படும் மீனையும் இறாலையும் பிடிக்கும். உருவில் மிகப் பெரியது பெரிய வெள்ளைக்கொக்கு. அதன் வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னே செல்லும். நடுத்தரக் கொக்கில் அது கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிடும். குட்டையான மஞ்சள் அலகும் தடித்த தாடையும் கொண்டது உண்ணிக்கொக்கு. நீரைவிடப் புல்வெளியிலும் மாடு மேயும் இடத்திலும் குப்பை கொட்டும் இடத்திலும்தான் அதை அதிகம் காணலாம். இனப்பெருக்க காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும்.

மும்பைக்குச் சிறப்பான ஒன்று கரைக் கொக்கு. அரபிக் கடலோரச் சேற்றிலும் பாறைகளிலும் வாழ்வது. ஒரே இனத்தில் சில பறவைகள் கரும்சாம்பல் நிறமாகவும் சில வெள்ளையாகவும் இருக்கும். வெள்ளை நிறத்தவை சின்னக் கொக்கோடு குழப்பும். அலகு தடித்து, பழுப்பு அல்லது மஞ்சள் சாயலோடு இருந்தால் கரைக் கொக்கு என்று கொள்ளலாம். மாகிம், சிவ்ரி சேற்றில் இது ஓடியும் திரும்பியும் சிறகை விரித்தும் மீனைத் துரத்துவதைப் பார்க்கலாம்.

சாம்பல் நாரை திறந்த நீரில் தனித்து நிற்கும். செந்நாரை நாணல் புதருக்குள் மறைந்திருக்கும். அதற்குப் பவாய் ஏரி போன்ற நன்னீர்க் கரைகளே ஏற்றவை. வக்கா பகலில் அடர்ந்த மரத்தில் கூனியபடி உறங்கி, அந்தி மங்கியதும் ‘குவாக்’ என்று ஒற்றைக் குரல் கொடுத்தபடி நீர்நிலைக்குப் பறக்கும். கருப்பு உச்சந்தலையும் சிவந்த கண்ணும் அதன் அடையாளம். மித்தி ஆற்றங்கரையில் மாலை ஏழு மணியளவில் மேலே கேட்கும் அந்தக் குரல் பெரும்பாலும் வக்காவுடையது.

கரைப்பறவைகள்

கரைப்பறவைகளை இரை தேடும் முறையால் இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உப்புக்கொத்திகளுக்குக் கண் பெரிது, அலகு குட்டை. சில அடிகள் ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். பட்டாணி உப்புக்கொத்தியும் ஆட்காட்டியும் இந்த வகை. உள்ளான்கள் பார்வையைவிடத் தொடு உணர்வை நம்புபவை. அலகின் நுனியில் நரம்பு முனைகள் நிறைந்திருப்பதால் சேற்றுக்குள் புதைந்த புழுவையும் சிறு சிப்பியையும் காணாமலே கண்டுபிடித்துவிடும். அவை தையல் ஊசி போல் விடாமல் குத்திக்கொண்டே நகரும்.

அலகின் நீளம் இரை எந்த ஆழத்தில் கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடும். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான், எடை சுமார் 25 கிராம். சேற்றின் மேற்பரப்பிலேயே கொத்தும். வளைமூக்கு உள்ளானும் பவளக்காலியும் அதற்குச் சற்றுக் கீழே தேடும். கருவால் மூக்கன் நேரான நீண்ட அலகை அடிவரை இறக்கும். பெரிய கோட்டானின் கீழ்நோக்கி வளைந்த அலகு நண்டின் வளைக்குள்ளேயே போய்வரும். ஒரே சேற்றில் ஆயிரக்கணக்கான பறவைகள் போட்டியில்லாமல் மேய்வதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

பவளக்காலி, பச்சைக்காலி இரண்டையும் காலின் நிறமே காட்டிக்கொடுக்கும். பவளக்காலி எச்சரிக்கைப் பேர்வழி. யாராவது நெருங்கினால் முதலில் கூவிப் பறப்பது அதுதான், அதன் குரலுக்கு மற்றவையும் எழுந்துவிடும். நெடுங்கால் உள்ளான் கருப்புச் சிறகும் வெள்ளை உடலும் மிக நீண்ட இளஞ்சிவப்புக் காலும் கொண்டது. மித்தி ஆற்றின் சாக்கடை கலந்த பகுதியிலும் அது கூட்டமாக நிற்கும். கழிவுநீரின் சத்தால் கொசுப்புழு, பூச்சிப்புழு போன்றவை அங்கே பெருகுகின்றன. அந்தப் பறவைக் கூட்டத்தைக் கண்டு ஆறு நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அழுக்கைத் தாங்கும் சில உயிர்களும் அவற்றைத் தின்னும் சில பறவைகளும் மட்டுமே அங்கே நிலைக்க முடிகிறது.

பூநாரை

பூநாரை கொக்கினமும் அன்று, கரைப்பறவையும் அன்று. ஆனால் மும்பையின் சேற்றுவெளிக்குப் புகழ் சேர்த்தது அதுதான். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து சிவ்ரியில் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது. பெரிய பூநாரை நான்கடி உயரத்துக்கும் மேலே நிற்கும். அதன் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கருப்பு. சிறிய பூநாரை மூன்றடிக்குள் அடங்கும். அலகு முழுதும் கருஞ்சிவப்பு. மும்பைக் கூட்டத்தில் பெரும்பான்மை சிறியதே. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கணக்கெடுப்புகளில் சில ஆண்டுகளில் மொத்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து மேயும். நாக்கு முன்னும் பின்னும் அசைந்து நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தகடுகள் இரையை வடிகட்டிக்கொள்ளும். சிறிய பூநாரையின் தகடுகள் மிக நெருக்கமானவை, நுண்பாசியைக்கூட விடாது. பெரியது சிறு இறாலினங்களையும் புழுக்களையும் சலித்தெடுக்கும். சிறகின் சிவப்பு நிறம் உணவிலுள்ள நிறமிகளிலிருந்து வருகிறது. இளம் பறவைகள் சாம்பல் நிறமாக இருப்பதால் கூட்டத்தில் அவற்றைத் தனியே எண்ணலாம். நகரின் கழிவுநீர் கழியில் கலந்து பாசியைப் பெருக்கியதே இத்தனை பூநாரைகள் வருவதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஓதமும் நாட்காட்டியும்

நன்னீர்க் குளத்தில் காலையும் மாலையும் பறவை பார்க்கலாம். கடற்கழியில் கடிகாரத்தைவிட ஓதமே முக்கியம். மும்பையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. நீர் ஏறும் நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். பெரிய ஓதத்தில் நீர்மட்டம் நான்கு மீட்டரையும் தாண்டும்.

நீர் முழுதும் வற்றியிருக்கும்போது பறவைகள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சிதறி மேயும், வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏறத் தொடங்கியதும் தொலைவிலுள்ள சேறு முதலில் மூழ்கும். பறவைகள் சிறுகச் சிறுகக் கரைப்பக்கம் நகரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு அவை கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். சேறு முழுதும் மூழ்கியதும் எழுந்து உப்பளத்துக்கும் வரப்புக்கும் அலையாத்தி மரங்களுக்கும் போய் ஓய்வெடுக்கும். நீர் இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். ஆகவே பாதி ஏற்றத்தில் சிவ்ரி, முழு ஏற்றத்தில் உப்பளம் என்று வகுத்துக்கொண்டால் பயணம் வீணாகாது.

ஓத அட்டவணை கையில் இல்லாதவருக்கு வீட்டிலுள்ள தினசரி காலண்டரே போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்ச ஏற்றம் ஏறத்தாழ நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வரும். அந்த நாட்களில் காலை ஒன்பது மணி சேற்றுவெளிக்கு நல்ல நேரம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் காலையும் மாலையும் வரும், நண்பகலில் நீர் வற்றியிருக்கும், ஏற்றத்தின் அளவும் குறைவாக இருக்கும். துல்லியமான நேரத்தை அட்டவணையில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. கோலி மீனவர்கள் நீர் ஏறுவதை ‘பர்த்தி’ என்றும் வற்றுவதை ‘ஓஹோட்டி’ என்றும் சொல்வார்கள். கரையில் அவர்களைக் கேட்டாலே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும்.

ஆண்டின் சுற்று

ஆகஸ்ட் இறுதியிலிருந்து முதல் கரைப்பறவைகள் வந்து இறங்குகின்றன. அக்டோபர் முதல் மார்ச் வரை எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும், ஆனால் பெரும்பாலானவை சாம்பலும் வெள்ளையுமாக மங்கிய நிறத்தில் இருப்பதால் இனம் பிரிப்பது கடினம். ஏப்ரலில் அவை இனப்பெருக்க நிறம் பூணுகின்றன. வளைமூக்கு உள்ளானின் அடிப்பகுதி செங்கல் சிவப்பாகும், கருவால் மூக்கனின் கழுத்து துருநிறமாகும். புறப்படும் முன் அவை கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாரங்களில் ஒவ்வொரு மணி நேர மேய்ச்சலும் பல்லாயிரம் கிலோமீட்டர்ப் பயணத்துக்கான எரிபொருள். பூநாரைகள் நவம்பர், டிசம்பர் வாக்கில் வந்து மே மாத இறுதியில் கிளம்புகின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கொக்கினத்தின் கூடுகட்டும் காலம். மடையானின் முதுகு அப்போது அடர்ந்த மெரூன் நிறமாகிவிடும். நகரின் தூங்குமூஞ்சி, ஆல், அரச மரங்களில் கொக்குகளும் வக்காக்களும் கூட்டமாகக் கூடு வைக்கும். தமிழ்நாட்டில் இந்தக் காலம் வேறு. வேடந்தாங்கலில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகு, நவம்பரை ஒட்டித்தான் கூடு கட்டுகின்றன. இரண்டு இடத்திலும் விதி ஒன்றுதான். நீர் நிறைந்து, மீன்குஞ்சும் தவளையும் பெருகும் காலத்தில் குஞ்சுகள் வாய்திறக்க வேண்டும்.

கருவியும் பழக்கமும்

எட்டு மடங்கு பெரிதாக்கும், 40 அல்லது 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி கொண்ட பைனாகுலர் தொடக்கத்துக்குப் போதும். உருப்பெருக்கம் இதைவிடக் கூடினால் கை நடுக்கமும் கூடும். சேற்றுவெளியில் தொலைவில் உள்ளவற்றை எண்ண, முக்காலியில் பொருத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் உதவும். சாலிம் அலியின் 1941-ஆம் ஆண்டு இந்தியப் பறவைகள் நூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் பயன்படுகிறது. பார்த்த தேதி, இடம், ஓத நிலை, இனம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பழக்கம் எந்தக் கருவியையும்விட மதிப்புள்ளது. இந்தக் குறிப்புகளை இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் அறிவியலாளர்களுக்கும் பயன்படும். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதே மாதத்தில் 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடந்துவருகிறது. சில பறவைகளின் காலில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய வளையமோ நிறப்பட்டையோ இருக்கும். அதன் நிறத்தையும் எழுத்தையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவித்தால் அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று அறியலாம்.

படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது பெரும் தவறு. ஒருமுறை எழுந்து பறப்பதில் சேர்த்த கொழுப்பும் மேயும் நேரமும் வீணாகின்றன. சேற்றில் இறங்கி நடப்பது உயிருக்கே ஆபத்து. துறைமுகம், எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம், அணு ஆராய்ச்சி மையம் ஆகியவை அருகில் இருப்பதால் எங்கே படமெடுக்கலாம் என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீர் வரும் வழி

அலையாத்திக் காட்டை அழிப்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-ல் தடை செய்தது. 2018-ல் அளித்த தீர்ப்பில் அதை உறுதிப்படுத்தி, காட்டைச் சுற்றி 50 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்றும் கூறியது. சேற்றுவெளிக்கும் உப்பளத்துக்கும் இத்தனை உறுதியான காப்பு இல்லை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட, சிவ்ரியிலிருந்து நவிமும்பை செல்லும் 21.8 கிலோமீட்டர்க் கடற்பாலம் சிவ்ரி சேற்றுவெளியின் மேலேதான் செல்கிறது. தாராவி மறுசீரமைப்பில் இடம்பெயரும் குடும்பங்களைக் குடியமர்த்துவதற்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முல்லுண்டு பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை ஒதுக்க 2024-ல் முடிவானது. உழைப்பாளிக் குடும்பங்களுக்கு நல்ல வீடு வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் உயர் ஓதத்தில் பறவைகளுக்கு ஒதுங்க இடமாகவும், பெருமழையில் நீர் தேங்கி வடிய இடமாகவும் இருப்பது அந்த உப்பளங்களே. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நீர் வடிய வழியில்லாமல் மித்திக் கரைக் குடியிருப்புகள் மூழ்கியதைத் தாராவி மக்கள் நேரில் கண்டவர்கள். திட்டம் வகுக்கும்போது வீட்டையும் உப்பளத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

2024 மே 20 இரவு காட்கோபர் வான்பகுதியில், தரையிறங்க வந்த விமானம் மோதி 39 பூநாரைகள் இறந்தன. அதே ஆண்டில் நவிமும்பை நெரூலின் டி.பி.எஸ். ஏரிக்கு ஓதநீர் வரும் வழி அடைபட்டு ஏரி வறண்டது. மேய இடமிழந்த பூநாரைகள் தடுமாறிச் சாலைக்கு வந்தன, சில இறந்தன. இயற்கை ஆர்வலர்களின் தொடர் முயற்சிக்குப் பிறகு, 2025-ல் அந்த ஏரியைப் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது. நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் வழி இருக்க வேண்டும், கரை சரிவாக இருக்க வேண்டும், கூடு வைத்த மரக்கிளையை மழைக்காலம் முடியும்வரை வெட்டாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பெரும் செலவில்லாத காரியங்கள். பேட்டைக் குளத்தையும் ஆற்றையும் மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்த்து, இருப்பதைக் குறித்துவைக்கும் குடிமக்கள் இருந்தால், இவற்றில் எது தவறினாலும் உடனே தெரிந்துவிடும், கேட்கவும் கையில் கணக்கு இருக்கும்.